பச்சை நூல் முடிச்சு

பிப்ரவரி 9

அன்பு வாயாடிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீயும் நலம் என்று நானே நினைத்துக்கொள்கிறேன், நீ எழுதினால்தானே தெரியும்? போன கடிதத்துக்கும் பதில் இல்லை, அதற்கு முந்தியதற்கும் இல்லை. தபால்காரரைக் கண்டதும் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து நிற்கிறேன். அவர் பாவம், தலையை ஆட்டிவிட்டுப் போகிறார். "உங்க பொண்ணுக்கு நான் வேணா ஒரு லெட்டர் போடட்டுமாம்மா?" என்று நேற்றுக் கேட்டார்.

போனில் பேசலாம்தான். ஆனால் கடை போன் கட்டிங் டேபிள் மேல் இருக்கிறது. அங்கே நின்றுகொண்டு உன்னோடு என்ன பேச முடியும்? எனக்கென்று தனியாக ஒன்று வாங்கித் தருவதாக உன் அப்பா சொல்லிக்கொண்டே இருக்கிறார். வாங்கும்போது பார்க்கலாம்.

ஒரு சந்தோஷ சமாச்சாரம். உன் அண்ணனுக்குக் கல்யாணம் முடிவாகிவிட்டது. ஏப்ரல் கடைசி ஞாயிற்றுக்கிழமை. பெண் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். வாய் நிறையச் சிரிப்பு. நம்மிடம் அவ்வளவு அதட்டல் போடுகிறவன் அவள் முன்னால் பெட்டிப்பாம்பாக உட்கார்ந்திருந்தான். நீ பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். அவனுக்குக் கோட்டு வெட்டியாகிவிட்டது, தைப்பது நான்.

உனக்கும் புதிதாக ஒன்று தைக்க வேண்டும். பழைய அளவு என்னிடம் இருக்கிறது, ஆனால் நீ இளைத்திருப்பாய். இஞ்சு டேப் வைத்து எடுத்து அனுப்பு. கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னாலேயே வந்துவிடு. உன் அறையில் போட்டிருந்த துணிக்கட்டுகளை எல்லாம் இறக்கிவிட்டுத் துடைத்து வைத்திருக்கிறேன். நடந்தது நடந்துவிட்டது கண்ணு. கூடப் பிறந்தவன் கல்யாணத்துக்கே வரவில்லை என்றால், கேட்கிறவர்களுக்கு நான் என்ன பதில் சொல்வது?

வேளைக்குச் சாப்பிடு. சீக்கிரம் வீட்டுக்கு வா.

அன்புடன்,
அம்மா


பிப்ரவரி 20

அன்புள்ள அம்மாவுக்கு,

தபால்காரரிடம் சொல், அவர் எழுதியிருந்தால் உடனே பதில் போட்டிருப்பேன் என்று. அவர் கடிதத்தில் "நடந்தது நடந்துவிட்டது" என்று இருந்திருக்காது.

அண்ணனுக்கு என் வாழ்த்தைச் சொல். கோட்டு வெட்டியாகிவிட்டது என்று எழுதியிருக்கிறாய். யார் வெட்டியது என்று எழுதவில்லை. கோட்டு தன்னைத்தானே வெட்டிக்கொண்டதா அம்மா? எனக்குத் தெரியும், அந்தக் கட்டிங் மாஸ்டர்தான் வெட்டியிருப்பான். கழுத்தில் இஞ்சு டேப்பைப் போட்டுக்கொண்டு அதே டேபிளில், அதே போனுக்குப் பக்கத்தில் நிற்கிறான். மாஸ்டர் மாமா என்று நாங்கள் கூப்பிட்டுக்கொண்டு வளர்ந்த ஆள். நான் எப்படி வருவேன் என்று நினைத்து அறையைத் துடைத்தாய்?

சரி, என் சமாச்சாரம். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அதே வேலைதான். எந்நேரமும் ஆவி, ஈரம், சோப்பு வாடை. உலர்ந்த விரிப்புகளை இரண்டு பேர் சேர்ந்து மடிக்க வேண்டும். எதிரும் புதிருமாக நின்று, நாலு மூலையையும் பிடித்து, உதறி, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வர வேண்டும். என்னோடு மடிப்பவளை எல்லோரும் நெட்டை என்று கூப்பிடுவார்கள். அவள் கையைத் தூக்கினால் என் மூலை என் கையை விட்டே போய்விடும்.

இங்கே கிழிந்த துணிகளைக் குவித்து வைத்திருக்கும் ஒரு மூலை உண்டு. ஓய்ந்த நேரத்தில் யாராவது உட்கார்ந்து தைப்பார்கள். எனக்குத் தையல் தெரியும் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. அந்த மூலையைச் சுற்றிக்கொண்டு போவேன். யாராவது ஊசியை நீட்டினால் கையைப் பின்னால் கட்டிக்கொள்வேன். தையல்காரர் வீட்டுப் பெண்ணுக்கு வந்த நிலைமையைப் பார்.

வார்டில் இருந்து துணி கொண்டுவரும் நர்ஸ் அக்கா ஒருவர் அதைக் கவனித்துவிட்டார். வியாழக்கிழமை மத்தியானம் பழைய எக்ஸ்ரே அறைக்கு வரச் சொன்னார். அங்கே எனக்கு நடந்ததைப் போல நடந்த பெண்கள் வருகிறார்கள். ஒருத்தி களிமண்ணைப் பிசைகிறாள். ஒருத்தி எழுதி எழுதிக் கிழித்துப் போடுகிறாள். யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை, உனக்குப் பிடித்திருக்கும். எனக்கு ஒரு கழித்துக்கட்டிய படுக்கை விரிப்பைக் கொடுத்தார்கள். முதல் நாள் முழுக்க உட்கார்ந்து ஒரே ஒரு சிவப்பு முடிச்சுப் போட்டேன்.

அது என்ன என்று நர்ஸ் அக்கா கேட்டபோது, எங்கள் கடையில் எந்தத் துணி தைத்தாலும் தைத்தவர் உள்பக்கத்தில் தன் நிற நூலால் ஒரு முடிச்சுப் போட வேண்டும் என்றேன். வாடிக்கையாளர் குறை சொல்லி எடுத்து வந்தால் யார் வேலை என்று தெரிய வேண்டுமே. அப்பாவுக்குக் கறுப்பு, அம்மாவுக்குப் பச்சை, எனக்குச் சிவப்பு. "அப்போ இது உன் கையெழுத்துன்னு சொல்லு" என்றார். அதன்பிறகு வாராவாரம் போகிறேன். இப்போது அந்த விரிப்பில் நம் ஸ்டோர் ரூமைத் தைத்துக்கொண்டிருக்கிறேன்.

அம்மா, எனக்கு என் நீலச் சட்டை வேண்டும். நானே வெட்டி நானே தைத்த முதல் சட்டை. எந்தச் சட்டை என்று உனக்குத் தெரியும். அனுப்பி வை. வேறு ஒன்றும் கேட்கவில்லை.

மகள்


மார்ச் 2

அன்பு வாயாடிக்கு,

உன் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று கேட்காதே. உன் கையெழுத்தைப் பார்த்ததும் வந்த சந்தோஷம், பிரித்துப் படித்ததும் போய்விட்டது.

ஆஸ்பத்திரி வேலை உடம்புக்கு ஆகுமா? ஈரத்திலேயே நிற்காதே. உனக்குச் சின்ன வயதிலிருந்தே சளி பிடிக்கும். எங்கள் பெண்ணைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன் என்று நெட்டையிடம் சொல்.

நீ கேட்ட சட்டை எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. வீட்டை வெள்ளையடித்தபோது பழைய துணிகளை எல்லாம் மூட்டை கட்டிப் பரணில் போட்டோம். கொஞ்சம் துடைக்கிற துணிக்குப் போனது. அதில் போயிருக்கலாம். பழைய சட்டைக்கா இத்தனை தூரம் கடிதம் எழுதுகிறாய்? உனக்கு வேண்டிய துணியில் வேண்டிய நிறத்தில் புதிதாகத் தைத்துத் தருகிறேன்.

ஸ்டோர் ரூமைத் தைக்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். அதை எதற்கு நாலு பேர் பார்க்கிற மாதிரி தைக்க வேண்டும்? பூ தைக்கலாம், பறவை தைக்கலாம். நீ தைக்கிற மயிலைப் பார்த்து வாயைப் பிளக்காதவர் உண்டா? கெட்டதைத் திரும்பத் திரும்பக் கையில் எடுத்தால் அது எப்படி ஆறும்? எனக்கு விளங்கவில்லை.

அவர் விஷயம். நான் என்ன செய்வேன் சொல். அவர் வெட்டினால்தான் கடை. உன் அப்பாவுக்குக் கண் மங்கிவிட்டது, கோடு நேராகப் போவதில்லை. இதற்கு மேல் இதைப் பற்றி நான் எழுத வேண்டாம் என்று பார்க்கிறேன்.

அளவு அனுப்ப மறந்துவிட்டாய். சீக்கிரம் வீட்டுக்கு வா.

அன்புடன்,
அம்மா


மார்ச் 12

அன்புள்ள அம்மாவுக்கு,

நீ எழுத வேண்டாம் என்று பார்க்கிறாய். நான் எழுதிவிடுகிறேன். இதுவரை நமக்குள் ஒரு தடவைகூட முழுதாகப் பேசியதில்லை. நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அன்று அப்பா துணி எடுக்க வெளியூர் போயிருந்தார். நீ பட்டன் வாங்கப் போயிருந்தாய். லைனிங் துணி எடுத்து வரச் சொல்லி அவன் என்னை ஸ்டோர் ரூமுக்கு அனுப்பினான். பின்னாலேயே வந்து தாழ்ப்பாளைப் போட்டான். என்னைப் பலாத்காரம் செய்தான். இந்த ஒரு வரியை எழுத எனக்கு இத்தனை காலம் ஆகியிருக்கிறது.

நீ வந்தபோது நான் ஸ்டோர் ரூம் வாசலில் உட்கார்ந்திருந்தேன். சட்டை கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது. நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. சட்டையைப் பார்த்தாய். "போய்க் குளிச்சிட்டு வா" என்றாய். நான் போனேன், எனக்கு வேறு என்ன தெரியும்? மறுநாள் காலையில் அந்தச் சட்டை துவைத்து, கிழிசலைத் தைத்து, இஸ்திரி போட்டு என் கட்டிலில் மடித்து வைத்திருந்தது.

அப்பா ஊரிலிருந்து வந்ததும் நான்தான் அடம்பிடித்து உங்கள் இரண்டு பேரையும் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே இருந்த போலீஸ்கார அம்மா சட்டையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "எங்கம்மா கிழிஞ்சிருக்கு? நல்லாத்தானே இருக்கு?" என்றார். அதற்குள் அப்பா, "ஸ்டோர் ரூம்ல ஒரு ஆணி இருக்குங்க, அதுல மாட்டி லேசா கிழிஞ்சிருச்சு. அதைப் போய்ப் பெரிசு பண்றா" என்றார். நீ என் பக்கத்தில்தான் நின்றாய். உன் கை என் கையில் உரசிக்கொண்டிருந்தது. ஒரு வார்த்தை வரவில்லை. அவர்கள் புகாரை எழுதவே இல்லை.

வீட்டுக்கு வந்து சட்டையை உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன். தையல் முடிகிற இடத்தில் ஒரு பச்சை முடிச்சு. நீ வேண்டுமென்றே போட்டிருக்க மாட்டாய், பழக்கதோஷம்தான். ஆனால் எனக்கு நடந்ததை யாரோ தைத்து மூடி, கீழே கையெழுத்தும் போட்டுவிட்டார்கள் என்றுதான் அன்றைக்குத் தோன்றியது. அன்று சாயங்காலமே கிளம்பினேன்.

கெட்டதைக் கையில் எடுத்தால் எப்படி ஆறும் என்று கேட்கிறாய். எனக்கும் முதலில் தெரியவில்லை. அந்த அறை எந்நேரமும் என் தலைக்குள் இருந்தது. இப்போது அதில் கொஞ்சம் கொஞ்சமாகத் துணிக்கு இறங்குகிறது. அலமாரியைத் தைத்தேன். துணிக்கட்டுகளை, தொங்குகிற பல்பை, சுவரில் இருந்த ஈரக் கறையைத் தைத்தேன். தாழ்ப்பாளைத் தைக்கப் பல வாரம் ஆனது, தைப்பதும் பிரிப்பதுமாக இருந்தேன். ஒருநாள் அது சரியாக வந்தது. வெறும் தாழ்ப்பாள், கறுப்பு நூல், ஒரு விரல் நீளம். அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அழுதேன், பிறகு பசித்தது. நெட்டையின் சாப்பாட்டையும் சேர்த்துச் சாப்பிட்டுவிட்டேன்.

நடுவில் மட்டும் இடம் விட்டிருக்கிறேன். அங்கே அந்தச் சட்டை வர வேண்டும். உன் தையலைப் பிரித்து, அது அன்றைக்கு இருந்தபடி வர வேண்டும். ஜூன் மாதம் நாங்கள் செய்ததை எல்லாம் ஆஸ்பத்திரியின் பெரிய நடைவழியில் மாட்டப்போகிறோம். பெயர் போடப்போவதில்லை, பயப்படாதே.

அந்தச் சட்டை துடைக்கிற துணிக்குப் போயிருக்காது. நல்ல துணியைத் துடைக்கப் போடுகிற ஆளா நீ? தேடு.

மகள்


மார்ச் 25

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அதற்குப் பதில் எழுத எனக்கு வரவில்லை. கோபித்துக்கொள்ளாதே.

சட்டை கிடைத்துவிட்டது. பரணில்தான் இருந்தது, நல்லவேளை எலி கடிக்கவில்லை. இந்தப் பார்சலில் வைத்திருக்கிறேன். பழைய தையலைப் பிரித்துவிட்டு, நூலை இழுத்து டார்னிங் செய்திருக்கிறேன். கிழிந்த இடத்தை நீயே தேடினாலும் கிடைக்காது. பொத்தான் எல்லாம் இறுக்கித் தைத்திருக்கிறேன். போட்டுப் பார். கல்யாணத்துக்கு அதையே போட்டுக்கொண்டு வந்தாலும் சரிதான், யார் என்ன சொல்லப்போகிறார்கள்?

அண்ணன் கோட்டு முடிந்தது. தோள்பட்டை கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நகர மாட்டேன் என்கிறான்.

எனக்காக ஒரே ஒரு தடவை வா. வந்து ஒரு நாள் இருந்துவிட்டுப் போ. அவர் உன் பக்கம் வராமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அம்மா


ஏப்ரல் 4

அம்மா,

பார்சலைப் பிரித்ததும் திரும்ப மூடி வைத்துவிட்டேன். சலவைக்கூடத்தில் எல்லோரும் போன பிறகுதான் எடுத்து மேஜையில் விரித்தேன். கிழிசலைத் தேடினேன். விரலால் தடவித் தேடினேன், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துத் தேடினேன். எங்கள் அம்மா கையே கை என்று ஒரு நிமிஷம் நினைத்தேன்.

பிறகு கீழ் மடிப்பை உள்பக்கம் திருப்பினேன். நான் சிவப்பு முடிச்சுப் போட்ட இடத்தில் பச்சை முடிச்சு இருந்தது.

இது அந்தச் சட்டை இல்லை. அதே துணிக்கட்டில் மிச்சமிருந்ததை எடுத்துப் புதிதாகத் தைத்து, துவைத்துத் துவைத்துப் பழசாக்கி அனுப்பியிருக்கிறாய். பொத்தானின் பளபளப்பைக்கூட எதிலோ தேய்த்து மங்க வைத்திருக்கிறாய். என் வளைந்த காலரை அப்படியே வளைத்துத் தைத்திருக்கிறாய். எத்தனை நாள் உட்கார்ந்தாய்? இவ்வளவு பொய்யையும் நூல் பிசகாமல் செய்துவிட்டு, அடுத்தவர் நிறத்தில் முடிச்சுப் போட மட்டும் உனக்குக் கை வரவில்லை. கடை ஒழுக்கத்தில் உன்னை மிஞ்ச ஆள் கிடையாது.

உனக்கு ஒன்று சொல்கிறேன். போன மாதம் இங்கே எல்லோருக்கும் சீருடை தைக்க அளவெடுத்தார்கள். நெட்டைதான் டேப்பை வைத்துக்கொண்டு வந்தாள். அது என் கழுத்தில் பட்டதும் நான் மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துவிட்டேன். எல்லோர் முன்னாலும். நெட்டையும் வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள். அந்த வியாழக்கிழமை விரிப்பில் ஓர் இஞ்சு டேப்பைத் தைக்க ஆரம்பித்தேன். ஒவ்வொரு கோடாக, ஒவ்வொரு எண்ணாக. முடித்த பிறகு நானே நெட்டையைக் கூப்பிட்டு, "இப்ப எடு" என்றேன். கண்ணைத் திறந்துகொண்டே நின்றேன். இவ்வளவுதான் அம்மா நான் செய்துகொண்டிருப்பது. இதற்குத்தான் அந்தச் சட்டையைக் கேட்டேன்.

அன்று கிழிசலைத் தைத்தாய். இப்போது கிழிசலே இல்லாமல் ஒரு சட்டையைத் தைத்துவிட்டாய். அடுத்து என்ன, எனக்குப் பதிலாக வேறு ஒரு பெண்ணைச் செய்துகொள்வாயா?

கல்யாணத்துக்கு நான் வரவில்லை. சட்டையை இனிமேல் கேட்கமாட்டேன். நடு இடம் காலியாகவே இருக்கட்டும், அதுவும் உண்மைதான். இனி எனக்கு எழுதாதே.

மகள்


ஏப்ரல் 16

அன்பு மகளுக்கு,

எழுதாதே என்றாய். எழுதாமல் இருக்க முடியவில்லை.

கல்யாண வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. உனக்கென்று எடுத்து வைத்த துணியை வெட்டவில்லை, அப்படியே வைத்திருக்கிறேன். உன் அண்ணன் நீ வருகிறாயா என்று கேட்டான். ஆஸ்பத்திரியில் லீவு கிடைக்கவில்லை என்றேன். அவன் சரி என்று போய்விட்டான். அவன் அதற்கு மேல் கேட்பான் என்று நின்றுகொண்டிருந்தேன்.

தபால்காரர் வந்தார், போனார். இப்போதெல்லாம் நான் எழுந்து நிற்பதில்லை. உட்கார்ந்தபடியே பார்க்கிறேன்.

வீட்டுக்கு வா கண்ணு.

அம்மா


மே 19

அன்பு மகளுக்கு,

இதோடு உன் சட்டை இருக்கிறது. உன்னுடையதுதான், கீழ் மடிப்பில் உன் சிவப்பு முடிச்சைப் பார்த்துக்கொள். பரணில் இருந்ததில்லை. என் அலமாரியில் என் துணிகளுக்கு அடியில்தான் எந்நாளும் இருந்தது. நீ சரியாகத்தான் சொன்னாய்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். அந்த மாஸ்டர் முன் வரிசையில் உட்கார்ந்து வந்தவர்களிடம் கோட்டைக் காட்டி, "நம்ம வெட்டுதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். நான் சிரித்துக்கொண்டே எல்லோருக்கும் பரிமாறினேன். என் முகம் எப்படி அப்படி இருந்தது என்று எனக்கே தெரியவில்லை.

போன வாரம் உன் அண்ணி லைனிங் துணி எடுக்க ஸ்டோர் ரூமுக்குப் போனாள். திரும்பி வந்து கையைத் தூக்கிக் காட்டி, "பாருங்க அத்தை, ஆணி இழுத்திருச்சு" என்று சிரித்தாள். அவள் சட்டைக் கை நுனியில் சின்னக் கிழிசல். நான் வழக்கம்போல ஊசியை எடுத்துவிட்டேன். நூலும் கோத்துவிட்டேன். தைக்கக் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

ஆணி கிழித்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? இழை போகிற வழியில் ஒரு கோடு, அதற்குக் குறுக்கே ஒரு கோடு, ஒரு சின்ன மூலை. அவ்வளவுதான். அவள் கையில் அப்படித்தான் இருந்தது. "என்னாச்சு அத்தை?" என்றாள். தலைசுற்றுகிறது என்று சொல்லிவிட்டு மேலே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

உன் சட்டையை எடுத்து மடியில் வைத்து என் தையலைப் பிரித்தேன். என் கையால் போட்டதை என் கையாலேயே பிரிக்க அவ்வளவு நேரம் பிடித்தது. நெருக்கி நெருக்கிப் போட்டிருந்தேன். அன்றைக்கு நான் கிழிசலைப் பார்க்கவே இல்லையடி. தைத்தேன், ஆனால் பார்க்கவில்லை. தைத்து முடித்துவிட்டால் ஒன்றும் நடக்கவில்லை என்று ஆகிவிடும் போல இருந்தது.

இப்போது பார்த்தேன். காலரிலிருந்து அக்குள் பக்கக் கைக்குழி வரைக்கும் சாய்வாக, இழைக்கு எதிராகப் போகிறது. அந்தத் துணி தானாக அப்படிக் கிழியாது. இரண்டு கை வேண்டும், பலம் வேண்டும், எதிரே ஒருத்தி திமிற வேண்டும். இரண்டாவது பொத்தான் துணியோடு பிய்ந்திருக்கிறது. காலருக்குப் பின்னால் தையல் விட்டிருக்கிறது, அங்கே பிடித்து இழுத்திருக்கிறான். அதே பக்கத்துக் கையில் தோள் மூட்டுத் தையல் முழுக்கப் போயிருக்கிறது. நீ எவ்வளவு போராடியிருக்கிறாய் என்று உன் சட்டை எனக்குச் சொல்ல வேண்டியிருந்தது. உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பெற்றவள் கேட்கவில்லை. வாயாடி என்று பெயரும் வைத்துவிட்டு வாயையும் மூட வைத்தேன்.

மறுநாள் காலையில் அதைக் கொண்டுபோய்க் கட்டிங் டேபிளில் விரித்தேன். உன் அப்பாவும் அவனும் இருந்தார்கள்.

"என்ன இது காலங்காத்தால?" என்றார் உன் அப்பா.

"நீங்க தையக்காரர்தானே, சொல்லுங்க. ஆணி இப்படிக் கிழிக்குமா?" என்றேன்.

அவன் ஒரு பார்வை பார்த்தான். "முடிஞ்சுபோன கதைய எதுக்குக் கிளர்றீங்க?" என்று சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனான். உன் அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். அவர் விரல் கிழிசலின் மேல் ஒரு தடவை போய் வந்தது. காலருக்குப் பின்னால் போனது, அங்கே நின்றது. அவருக்குத் தெரிந்துவிட்டது. முகத்தில் பார்த்தேன், எனக்குத் தெரியாத முகமா அது? பேசப்போகிறார் என்று நின்றேன்.

"மடிச்சு உள்ள வை. கஸ்டமர் வர்ற நேரம்" என்றார்.

அதற்கு அடுத்த நாள் அவன் வழக்கம்போல வந்தான். உன் அப்பா துணியில் கோடு போடுகிற சாக்பீஸை எடுத்து அவன் கையில் கொடுத்தார். நான் என் மெஷினுக்கு உறையைப் போட்டுவிட்டு எழுந்துவிட்டேன். அதன்பிறகு உட்காரவில்லை. உன் அண்ணன் இதில் தலையிடாமல் சீக்கிரமாக வேலைக்குக் கிளம்பிவிடுகிறான். உன் அண்ணியிடம் நான் எல்லாவற்றையும் சொன்னேன், இனிமேல் தனியாக அந்த அறைக்குப் போகாதே என்றும் சொன்னேன். அவள் சிரிப்பு நின்றுவிட்டது. இந்தப் பார்சல் பெட்டி அவள் மருந்துக்கடையிலிருந்து கொண்டுவந்ததுதான்.

சட்டை போலீசுக்கா, உன் விரிப்புக்கா என்று நீ முடிவு செய். துவைத்தது நான், தைத்தது நான் என்று யார் கேட்டாலும் எங்கே கூப்பிட்டாலும் வந்து சொல்வேன். அன்றைக்கு நின்ற அதே ஸ்டேஷனில் சொல்வேன். என் பச்சை முடிச்சையும் அவிழ்த்துவிட்டேன். நூலைத் தூர எறியவில்லை, சின்னக் காகிதத்தில் சுற்றி உள்ளே வைத்திருக்கிறேன். அதை என்ன செய்ய வேண்டுமோ செய்.

ஒவ்வொரு கடிதத்திலும் உன்னை வீட்டுக்கு வா, வா என்று எழுதினேன். இந்த வீட்டுக்கு நீ வர வேண்டாம். உன் இடத்துக்கு வழி எழுது. நான் வருகிறேன்.

அம்மா


ஜூன் 2

அன்புள்ள அம்மாவுக்கு,

சட்டை வந்தது. அன்று நான் வேலைக்குப் போகவில்லை. நெட்டை வந்து கதவைத் தட்டியபோது திறக்கவும் முடியவில்லை. வியாழக்கிழமை நர்ஸ் அக்காதான் என்னையும் பெட்டியையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போனார்.

நடுவில் வைத்துவிட்டேன். கிழிசலைத் தைக்கவில்லை. மேற்கொண்டு நூல் பிரியாமல் இருக்க, இரண்டு ஓரத்தையும் சிவப்பு நூலால் சுற்றித் தைத்தேன். திறந்தேதான் இருக்கிறது. நீ அனுப்பிய பச்சை நூலை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒரு வாரம் முழுக்கக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் ஸ்டோர் ரூம் வாசலுக்கு வெளியே, நீ அன்றைக்கு வந்து நின்ற இடத்தில், அதைத் தைத்தேன். அங்கே ஒரு பச்சைக் கோடு நிற்கிறது. பார்க்கிறவர்களுக்கு அது என்னவென்று தெரியாது.

எனக்கு ஆறிவிட்டது என்று எழுதமாட்டேன். தாழ்ப்பாள் சத்தம் கேட்டால் இன்னும் உடம்பு மரத்துப்போகிறது. உன் மேல் கோபம் போய்விட்டது என்றும் எழுதமாட்டேன், போகவில்லை. சலவைக்கூடத்தில் கிழிந்த துணி மூலைக்கு இப்போது நான் போகிறேன், தைக்கிறேன். அவ்வளவு தூரம் வந்திருக்கிறேன். போலீசுக்குப் போவதை நீ வந்த பிறகு பேசலாம். கண்காட்சி முடிந்ததும் சட்டையைக் கழற்றி எடுத்துக்கொள்ளும்படிதான் மாட்டியிருக்கிறேன்.

பஸ் நிலையத்துக்கு எதிரே உயரமான தண்ணீர்த் தொட்டி தெரியும். அதை நோக்கி நடந்தால் ஆஸ்பத்திரியின் பின்வாசல். சலவைக்கூடத்தின் ஆவி போகும் குழாய் அங்கேதான் இருக்கிறது. வியாழக்கிழமை காலை வா. நான் வாசலில் நிற்பேன். முன்னால் ஓர் உயரமானவள் வந்து உன் பையை வாங்கினால் பயப்படாதே, அது நெட்டை.

ஒன்று மட்டும். ஊசி நூல் எடுத்து வராதே. கிழிசலைக் கண்டால் உன் கை சும்மா இருக்காது, எனக்குத் தெரியும். இங்கே நீ எதையும் தைக்க வேண்டாம். விரிப்புக்கு முன்னால் நின்று பார்த்தால் போதும். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார். நான் பக்கத்தில் நிற்கிறேன்.

உன்
வாயாடி